சேர்மனுக்கு ஒப்பரேஷன்

கண்டக்குழியில் நாய்க்குப் பஞ்சம் கிடையாது; நாயால் பிரயோசனம்தான் கிடையாது. காற்றுக்காலம் பிறந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் பறக்கிற வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கியதும், கடற்கரை நாய்கள் எல்லாம் லொட்ஜ் வாசல்களுக்குக் குடிபெயர்ந்துவிடும். பாணுக்கு பட்டர் பூசிக் கொடுத்து, காதைச் சொறிந்துவிட்டு, அதுகளைப் புது மாப்பிள்ளை மாதிரிக் கெடுத்து வைத்திருந்தார்கள். கள்ளனே வந்தாலும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிற சாதி.

காட்டியும் விட்டன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருந்த ஒரு காலையில் லெய்லா தன் ஆட்டுப் பட்டிக்குப் போனபோது, சினையாக நின்ற இரண்டு ஆடுகளைக் காணவில்லை. பட்டி வாசலில் படுத்துக் கிடந்த நாயொன்று அவளைப் பார்த்து வாலாட்டியது.

"கள்ளனுக்கும் இப்பிடித்தானே ஆட்டினாய்?" என்று கேட்டு, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி எறிந்தாள் லெய்லா. நாய் அதை விளையாட்டு என்று நினைத்து, செருப்பை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தது. ஆடு போன துக்கம் ஒரு பக்கம். நாயின் எச்சில் பட்ட செருப்பை மார்க்கப்படி மண்ணும் தண்ணீருமாக ஏழு தரம் கழுவ வேண்டி வந்த எரிச்சல் மறுபக்கம்.

லெய்லாவுக்கு வயது ஐம்பதை எட்டிப்பிடிக்கப் பார்க்கிறது. போரில் முஸ்லிம்களை ஊரோடு விரட்டிய தொண்ணூறாம் ஆண்டில், மன்னாரில் இருந்து வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டிக் கரையில் இறக்கிவிட்டபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. முகாமில் வளர்ந்து, வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கி, கண்டக்குழியில் பரம்பரையாக இருந்துவந்த மர்ஸூக்கைக் கட்டி, ஒற்றை வெள்ளாட்டில் தொடங்கி ஒரு பட்டியே கட்டியெழுப்பியவள். முகாமின் குழாயடியில் வாளி வைத்துச் சண்டை பிடித்துப் பழகிய வாய் அவளுக்கு. அந்த வாய்க்கு ஊரில் கொஞ்சம் மரியாதையும் நிறையப் பயமும் இருந்தன.

"நாய் ஒண்டு வேணும்," என்றாள் அன்று பகல் சோறு வைக்கும்போது. "குரைக்கிற நாய். கடிக்கிற நாய்."

மர்ஸூக் கரைவலை இழுக்கிற மீனவர். நல்ல உயரம், தூண் மாதிரிக் கைகள், பூனையிலும் மெல்லிய மனம். "வீட்டில நாயா? நஜீஸ் லெய்லா அது, தொட்டா அசுத்தம்," என்றார்.

"வீட்டுக்குள்ளயா வரப்போகுது? ஆட்டுக்குக் காவலா நாய் வளக்க மார்க்கத்தில இடமிரிக்கி. போய் மௌலவிக்கிட்ட கேளுங்க."

மர்ஸூக் போய்க் கேட்டார். காவலுக்கு வளர்க்கலாம் என்று மௌலவி சொன்னதை வந்து சொன்னார். தோற்ற வழக்கின் தீர்ப்பைத் தானே சுமந்து வந்த முகம்.

கற்பிட்டி ரோட்டில் இருந்து உள்ளே போகிற ஒரு மணல் பாதையின் முடிவில், யூட் என்கிறவர் அநாதை நாய்களைச் சேர்த்து வளர்த்தார். முன்னர் லொட்ஜ் ஒன்றில் வான் ஓட்டியவர். ரோட்டில் அடிபட்ட நாய்களை வானில் ஏற்றிக்கொண்டு வந்து, விருந்தாளிகளின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடத்தியதால் வேலை போனது. இப்போது அவருடைய இடத்துக்கு ஊரார் வைத்திருந்த பெயர் நாய்மடம்.

லெய்லா அங்கே போய் இறங்கியதும் கேற்றடியில் ஒரு நாய் உறுமியது. செம்மண் நிறம், ஒரு காது கிழிசல், கழுத்து தடித்த ஆண் நாய். எழும்பவில்லை. படுத்த இடத்திலேயே இருந்துகொண்டு, நீ யார், எதற்கு வந்தாய், யாரைக் கேட்டு வந்தாய் என்பது போல உறுமியது.

"அது சேர்மன்," என்றார் யூட். "கேற்றடியில குந்தி இருந்து வாற போற எல்லாரையும் அதட்டும். வேற வேலை ஒண்டும் செய்யாது. அதான் அந்தப் பேர்."

"எனக்கு இவர்தான் வேணும்," என்றாள் லெய்லா.

யூட் தலையைச் சொறிந்தார். "தரலாம் அக்கா. ஆனா ஒரு கண்டிஷன். இஞ்சயிருந்து போற எந்த நாய்க்கும் அந்த... அது வந்து... குட்டி போடாம இருக்கிறதுக்கு... ஆம்பிளை நாய் எண்டா அந்த இடத்தில..." வார்த்தை கிடைக்காமல் அவருடைய கை காற்றில் எதையோ பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

"காயடிக்கிறதையா சொல்றீங்க?"

"ஓம் அக்கா." யூட் மூச்சு விட்டார்.

"அதுக்கேன் தம்பி புத்தளம் போய்ச் சிலாபம் சுத்தி வாறீங்க? எங்கட கெடாக்களுக்கு வருசா வருசம் நடக்கிற விஷயம்தானே."

யூட் விளக்கினார். பெட்டி பெட்டியாகக் குட்டிகளைக் கொண்டுவந்து கேற்றடியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். கண் திறக்காத குட்டிகள். பாதி பிழைக்காது. பிழைத்தது தெருவில் அடிபட்டுச் சாகும். ஒப்பரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு நாய் கொடுப்பதில்லை என்பது அவருடைய சட்டம். வழமையாக ஒப்பரேஷன் செய்த பிறகுதான் நாயைக் கொடுப்பார். இப்போது மடம் நிரம்பி வழிவதால் வாக்கை நம்பிக் கொடுக்கிறார். டவுனில் இருந்து மிருக டொக்டர் மிஸ் ஒருவர் வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்டக்குழி மீனவர் சங்கக் கட்டிடத்தில் கிளினிக் வைக்கிறார். சேர்மனை அங்கே கொண்டுவர வேண்டும். முதல் நாள் இரவில் இருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும்.

"கொண்டு வராட்டி வந்து நாயைத் திருப்பி எடுத்திருவன் அக்கா. கோவிக்கக் கூடாது."

"சொன்னாச் சொன்னதுதான்," என்று சொல்லிவிட்டு, சேர்மனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள் லெய்லா. ஆட்டோக்காரன் ஃபாஹிம் பின்சீற்றில் பொலித்தீன் விரித்த பிறகுதான் ஏற்றினான்.

வந்த முதல் இரண்டு நாளும் மர்ஸூக் சாரத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சேர்மனைச் சுற்றிவளைத்துப் போனார். மூன்றாம் நாள் தூரத்தில் நின்று கதைத்தார். அதற்கடுத்த நாள், பட்டியடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சங்கத் தேர்தலில் தனக்கு நடந்த அநியாயத்தைச் சேர்மனுக்கு முழுதாகச் சொல்லி முடித்தார். கொட்டாவி விடாமல் கேட்ட முதல் ஆள் அந்த நாய்தான்.

பிரச்சினை தேத்தண்ணிக் கடையில் கிளம்பியது. சேர்மனுக்கு ஒப்பரேஷன் என்ற கதை அங்கே போய்ச் சேர்ந்ததும், கடையில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் ஒரே நேரத்தில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார்கள். ஊரே நானா, அண்ணன், என்று கூப்பிடுகிற வள்ளச் சொந்தக்காரர் ஜப்பார் பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு எழும்பியே நின்றார்.

"மர்ஸூக், நாயின்ட வீரமே அதிலதான்டா இரிக்கி! அத எடுத்தா அது நாயில்ல, தலகாணி. குரைக்காது, ஓடாது. கள்ளன் வந்தா விசிறி வீசும்."

"அவ வாக்குக் குடுத்திட்டாளே நானா," என்றார் மர்ஸூக் பலவீனமாக.

"இண்டைக்கு நாய்க்கு. நாளைக்கு?" என்று ஜப்பார் கேட்டார். கடையில் யாரும் சிரிக்கவில்லை.

ஜப்பார் விடவில்லை. அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு மௌலவியைப் பள்ளிவாசல் முற்றத்தில் மறித்து, இது ஹராம்தானே என்று கேட்டார். மௌலவி இளம் ஆள், நிதானமானவர். "உலமாக்களுக்குள்ள ரெண்டு கருத்து இரிக்கி நானா. தேவைக்காகச் செய்யலாம் எண்டு சொல்றவங்களும் இரிக்காங்க. தெருவில நசுங்கிச் சாகிற குட்டிகளையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க," என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "கெடாக்குக் காயடிக்கக்குள்ள ஒருத்தரும் எனக்கிட்ட வந்து கேட்டதில்லையே?" என்றார்.

அதையேதான் லெய்லாவும் வீட்டில் கேட்டாள். "போன வருசம் கெடாக்கு அடிக்கக்குள்ள காலப் புடிச்சது ஆரு? நீங்கதானே?"

"அது கெடா."

"இது நாய்."

"கெடா எனக்கிட்ட கதைக்காது லெய்லா," என்றார் மர்ஸூக்.

"இதுவும் கதைக்காது. நீங்கதான் கதைக்கிறீங்க."

கிளினிக் நாள் வந்தது. சங்கக் கட்டிடத்தில் வலைகளை ஒதுக்கிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். டொக்டர் மிஸ் இளம் சிங்களப் பெண். தமிழை உடைத்து உடைத்துக் கதைத்தாலும் கதைக்கக் கூச்சப்படாதவர். "நேத்து ராவு சாப்பாடு இல்லதானே?" என்று கேட்டார்.

"ஒரு பருக்கை இல்ல மிஸ்," என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள் லெய்லா.

அந்த நேரம் பார்த்துச் சேர்மன் கழுத்தை நீட்டி, வயிற்றை இரண்டு தரம் எக்கி, மேசைக்கு முன்னால் முழுசாக வாந்தி எடுத்தது. சோறு. பாரைமீன் தலை. பொரித்த கத்தரிக்காய். அதற்கு மேலே, அழகுக்கு வைத்தது போல ஒரு கறிவேப்பிலை. லெய்லா குனிந்து பார்த்தாள். தன் கறி தனக்குத் தெரியாதா? நேற்று இரவு மர்ஸூக் வழக்கத்தில் இல்லாதபடி இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கி, வெளியே காற்றாடச் சாப்பிடுகிறேன் என்று கோப்பையோடு எழும்பிப் போனதும் ஞாபகம் வந்தது.

"சாப்பிட்ட நாய்க்கு மயக்க ஊசி ஏத்த ஏலாது. உசிருக்கு ஆபத்து," என்று டொக்டர் மிஸ் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற யூட், லெய்லாவை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் வாய்க்குப் பயந்தவர்கள் உண்டு. அவள் வாக்கைச் சந்தேகப்பட்டவர்கள் அன்றுவரை இல்லை.

வீட்டுக்கு வந்தவள் கத்தவில்லை. மர்ஸூக் பயந்ததே அதனால்தான். சேர்மனைக் கட்டிவிட்டு, கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஊசி ஏத்தின புறகு சத்தி எடுத்திருந்தா மூச்சடைச்சு மையத்தாகியிரிக்கும் உங்கட கூட்டாளி. டொக்டர் சொன்னா. நீங்க குடுத்த மீன்தலையில."

மர்ஸூக்கின் முகம் செத்துப்போனது. அவர் அதை யோசிக்கவே இல்லை. "பசியோட அனுப்பிறது பாவம் எண்டு நெனச்சன்," என்றார். "எனக்கு அது சரியில்ல எண்டும் பட்டிச்சு," என்றார். "ஜப்பார் சொன்ன மாதிரி இல்ல. அதுக்கு வாயில்ல. கேக்காமலே வெட்டுறம். உன்னையும் என்னையும் ஆரும் அப்பிடிச் செஞ்சா?"

கேட்காமல் வள்ளத்தில் ஏற்றப்பட்டவள் லெய்லா. அந்தக் கேள்வியை அவளால் தட்டிவிட முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யூட்டுக்கிட்ட ஒரு பெட்டியப் பாத்தன்," என்றாள். "பிஸ்கட் பெட்டி. குட்டிகள் உள்ளுக்கு ஒண்டுக்கு மேல ஒண்டு கெடந்திச்சி. அதுகளையும் ஆரும் கேக்கல்ல."

மர்ஸூக் எழும்பிப் போய்ச் சேர்மனின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். திரும்பி வந்து, "அடுத்த கிளினிக்குக்கு நானே புடிச்சிட்டு வாறன்," என்றார்.

சொன்னபடி வந்தார். அந்த முறை சேர்மனின் வயிறு காலி. மர்ஸூக்கின் வயிறும் காலி. கூட்டாளி பட்டினி கிடக்கும்போது தனக்கு மட்டும் தொண்டையில் இறங்காது என்று அவரும் சாப்பிடவில்லை. ஊசி ஏறிச் சேர்மன் அவருடைய கைக்குள்ளேயே தளர்ந்து சரிந்தது. மேசையில் தூக்கிக் கிடத்தியதும் அவர்தான். அப்படியே வெளியே போயிருக்கலாம். போகாமல், ஒரு முன்னங்காலைப் பிடித்தபடி நின்றார். பெருநாளுக்குக் குர்பான் மாடு அறுக்கிற மனிதர், இரத்தம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் டொக்டர் மிஸ் கத்தியை எடுத்து, கீழே, அந்த இடத்தில் வைத்ததைக் கண்டதும், "யா அல்லா" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெட்டின தென்னைமரம் மாதிரி வலைக்குவியலுக்கு மேல் விழுந்தார். போகிற வழியில் மேசை விளிம்பு நெற்றியைக் கீறியது.

டொக்டர் மிஸ் நாயை முடித்துவிட்டு மர்ஸூக்குக்கு வந்தார். நெற்றியைத் துடைத்து, அதே பஞ்சு, அதே துணியால் கட்டுப் போட்டு, "தையல் தேவைப்படாது. நாய்க்குத்தான் தையல்," என்றார்.

ஃபாஹிமின் ஆட்டோவில் இருவரையும் ஏற்றினார்கள். பின்சீற்றில் மர்ஸூக் வெளிறிப்போய்ச் சரிந்து கிடந்தார். அவருடைய மடியில், நாக்கு வெளியே தொங்க, சேர்மன். இருவருக்கும் வெள்ளைக் கட்டு. ஆட்டோ தேத்தண்ணிக் கடையைக் கடந்தபோது ஜப்பார் எட்டிப் பார்த்து, "என்னடா நடந்தது?" என்று கூவினார். ஓடுகிற ஆட்டோவில் இருந்து ஃபாஹிம் கூவிய மறுமொழி இவ்வளவுதான்: "ஒப்பரேஷன் முடிஞ்சிட்டு நானா! ரெண்டு பேரும் மயக்கம்!"

போதாதா? மத்தியான லுஹருக்கு முன்னர் கதை கண்டக்குழியைச் சுற்றியது. பின்னேர அஸருக்குத் தில்லையடியை எட்டியது. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த மகள் றுஷ்னா ஃபோன் எடுத்து ஒரே அழுகை.

"உம்மா! வாப்பாக்கு என்ன செஞ்சீங்க?"

"நான் என்னத்தடி செஞ்சன்?"

"சங்கக் கட்டிடத்தில வச்சு வாப்பாக்கும் செஞ்சிட்டாங்களாமே! மாமி வீட்டில எல்லாரும் என்னையப் பாக்கிறாங்க உம்மா!"

லெய்லா ஃபோனைக் கணவனின் காதில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க, இரிக்கா இல்லையா எண்டு." மர்ஸூக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஒருவர் தோடம்பழம் கொண்டுவந்தார். ஜப்பாரின் மனைவி ஸும்ரா கோழி சூப் காய்ச்சிக் கொண்டுவந்து, லெய்லாவின் கையைப் பிடித்து, "ராத்தா, ஆறுதலா இரிங்க, எல்லாம் அல்லாட நாட்டம்," என்றாள். சூப்பில் பாதியை மர்ஸூக் குடித்தார். மீதி போன இடத்தை லெய்லா கண்டும் காணாதவளாக இருந்தாள். இந்த முறை டொக்டரின் தடை ஏதும் இல்லை. தையலை நக்காமல் இருக்க, பெயின்ற் வாளி ஒன்றின் அடியை வெட்டிச் சேர்மனின் கழுத்தில் மாட்டினார் மர்ஸூக். அவரே தினமும் மருந்தும் அடித்தார். புண் ஆறி, வாளி கழன்றது.

ஊர் எதிர்பார்த்தது போலவே சேர்மன் கொஞ்சம் சதை போட்டது. பெட்டை நாய்களின் பின்னால் ஓடுவதற்குக் கடற்கரைக்குப் போவதும் நின்றது. நாள் முழுக்கப் பட்டி வாசலிலேயே படுத்திருந்தது. "பாத்தியா? தலகாணி," என்று ஜப்பார் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்.

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம். ஊரில் ஒரு ஆம்பிளை இல்லை, எல்லோரும் பள்ளிவாசலில். ஆடு தூக்குகிறவர்கள் அந்த நேரத்தைத்தான் பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு வான் பட்டியடிக்குப் பின்பக்கமாக வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். லெய்லா சமையலறையில் இருந்தாள். முதலில் கேட்டது குரைப்பு இல்லை. ஒரு மனிதனின் அலறல்.

அகப்பையோடு ஓடிப்போனாள். ஒருத்தன் வானுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தியிருந்தான். மற்றவன் பட்டி வேலியில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய காற்சட்டையின் பின்பக்கம் சேர்மனின் வாயில் இருந்தது. வேலியில் அவன் ஒரு சாண் ஏற, காற்சட்டை ஒரு சாண் இறங்கியது. கடைசியில் கள்ளன் மானத்தை விட்டு உயிரைத் தெரிந்தெடுத்தான். சட்டையை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு வானுக்கு ஓடியவனைப் பார்த்து, ஆடு போன கோபத்தையெல்லாம் சேர்த்து லெய்லா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அயல்வீட்டுப் பெண்கள் இன்றைக்கும் அவற்றை அப்படியே சொல்வார்கள்.

தொழுகை முடிந்து வந்த ஆம்பிளைகள் லெய்லா வேலியில் தொங்கவிட்ட காற்சட்டையைச் சுற்றிக் கூடினார்கள். சேர்மன் அதற்குக் கீழே படுத்திருந்து ஒவ்வொருவராக உறுமி அனுப்பியது. ஜப்பார் நாயின் பின்பக்கத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார். "நல்லாப் பாத்துத்தான் எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"வேணுமெண்டா டொக்டரக் கேளுங்க நானா," என்றார் மர்ஸூக். அவருடைய குரலில் அப்படியொரு பெருமையை லெய்லா கேட்டதில்லை, மகள் பிறந்த அன்றைத் தவிர.

மாரி முடிந்து அடுத்த கிளினிக் வைத்தபோது சங்கக் கட்டிடத்தின் முன்னால் வரிசை நின்றது. கயிற்றில் நாய், சாக்குக்குள் நாய், ஒரு வெள்ளைக்காரியின் தோளில் நாய். நாய் வைத்திருப்பவர்கள் முதல் நாளே லெய்லாவிடம் வந்து, எப்போது பட்டினி போடுவது, எப்படித் தூக்குவது என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜப்பாரும் தன் வள்ளத்துக்குக் காவல் கிடக்கிற கறுப்பு நாயோடு வந்திருந்தார். அதாவது, நாயின் கயிறு ஸும்ராவின் கையில் இருந்தது. ஜப்பார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லெய்லா நாயைப் பிடித்து மேசையில் ஏற்றிக் கொடுத்தாள். ஊசி ஏறியது. டொக்டர் மிஸ் கையுறையை இழுத்து மாட்டினார். ஸும்ரா நாயைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே வேப்பமரத்தடியைப் பார்த்தாள். பிறகு லெய்லாவின் காதோரம் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள்:

"ராத்தா, நாய்க்கு மட்டும்தானா செய்றாங்க?"

லெய்லாவுக்குச் சிரிப்பு எங்கே இருந்து வந்ததோ. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. முந்தானையைக் கடித்தாள், முடியவில்லை. வலைக்குவியலில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். ஸும்ராவும் பக்கத்தில் குந்திவிட்டாள். வரிசையில் நின்ற பெண்களுக்குக் கேள்வி காதோடு காதாகப் போய்ச் சேர, சிரிப்பு வாசல்வரை போனது.

"மொனவத மே கியன்னே? என்ன சொல்றாங்க?" என்று கத்தியைக் கையில் வைத்தபடி டொக்டர் மிஸ் கேட்டார்.

யூட் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.